எழுபது வளைவுக்கு மேலே



சென்ற வாரம் நம் மாணவத் தோழர்கள் நால்வர் வந்தனர். மடித்து வைத்த தாள் ஒன்றை எடுத்து என் மேசைமீது விரித்தனர். 'கொல்லிமலைப் பண்பாட்டுப் பயணம்' என்பது தலைப்பு. காலை ஏழு மணிக்கு நாமக்கல்லிலே சிற்றுண்டி. பத்து மணிக்குச் செம்மேடு. பிறகு ஆகாய கங்கை அருவி. நண்பகலில் அறப்பளீசுவரர் கோயில். மூன்று மணிக்கு 'மலைவாழ் மக்களுடன் கலந்துரையாடல், அவர்தம் பாரம்பரிய வேளாண்மையைக் காணல்'. ஐந்து மணிக்குப் புறப்பாடு. நாள்: டிசம்பர் விடுமுறை.

"எப்படி இருக்கிறது, ஐயா?" என்று ஆவலோடு கேட்டனர்.

எப்படி இருக்கிறது! நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டம் உழுது, விதைத்து, விதை காத்து வாழ்ந்த வாழ்வுக்கு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை! அதிலும் அரைமணி நேரம் தேநீருக்குப் போய்விடும். அருவிக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனெனில் அந்த இளைஞர்களின் கண்களிலே கள்ளமில்லை. போக வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததே, அதனைப் போற்றுகிறேன். எப்படிப் போக வேண்டும், எதற்காகப் போக வேண்டும் என்பதைத்தான் அவர்களோடும் உங்களோடும் பேச விரும்புகிறேன்.

மலைக்குப் போனவர்கள் நாம் முதல்வரல்லர். மன்னர் போயினர். கடையெழு வள்ளல்களிலே ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காரி அவனைக் கொன்றான். மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். கொடுத்தவன் ஒருவன், பெற்றவன் ஒருவன். அங்கே கொத்திப் பயிர் செய்தவனை யாரேனும் ஒரு சொல் கேட்டனரா? புலவர் பெருமக்கள் வில்லைப் பாடினர், கொடையைப் பாடினர். களைக்கொட்டைப் பற்றிய செய்தி குறைவு.

பின்னர் வெள்ளையர் வந்தனர். சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார், தென்னாட்டுச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளாக எழுதி 1909இலே வெளியிட்டார். அளவுகோலும் இடுக்கியுமாகச் சென்று மூக்கின் நீளமென்ன, அகலமென்ன, மண்டையின் சுற்றளவென்ன என்று அளந்து அளந்து எழுதினார். சேர்வராயன் மலை மக்களையும் அவர் விட்டாரில்லை. அந்த மூக்கு எதை முகர்ந்தது, அந்த மண்டைக்குள்ளே என்ன அறிவு இருந்தது என்று அளக்க அவரிடம் கருவி இல்லை.

அவருக்கு முன்பே, 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் மலையேறிவிட்டது. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டனர். நேற்றுவரை விறகொடித்த இடம் இன்று குற்றம் புரிந்த இடமாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு மாறி மாறிப் புனம் திருத்தி விதைத்த வழக்கம் 'காட்டழிப்பு' என்று பெயர் பெற்றது. சேரனுக்கு மலை கைமாறிய கதையைச் சொன்னேனே, அது அன்றோடு முடியவில்லை, தோழர்களே!

இன்று போகிறவர் கையிலே இடுக்கி இல்லை, கைப்பேசி இருக்கிறது. மூக்கை அளப்பதில்லை, முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.

நானே கண்ட காட்சி ஒன்று. ஒரு கல்லூரியின் பேருந்து சாலையோரத்திலே நின்றது. பெயர் வேண்டாம். பிள்ளைகள் இறங்கிச் சாமைக் கொல்லைக்குள்ளே ஓடினர். கதிர் வந்து தலைசாய்ந்து நின்ற பயிர். அதன் நடுவே நின்றும், அமர்ந்தும், ஒருத்தி படுத்தும் படமெடுத்துக்கொண்டனர். மேட்டிலே நின்ற கிழவி ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து போனபின் இறங்கி வந்து, சாய்ந்த தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். நிமிரவில்லை.

"ஏன் ஆயா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"படிக்கிற புள்ளைங்க கண்ணு... தெரிஞ்சா மிதிப்பாங்களா? அதுங்களுக்குப் புல்லுன்னு நெனப்பு" என்றாள்.

புல் என்று நினைப்பு! அந்தச் சொல்லிலே இகழ்ச்சி இல்லை, இரக்கந்தான் இருந்தது. பட்டம் பெறப் போகும் பிள்ளைகளைப் பார்த்து, எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி இரங்கினாள். அவள் இரங்கியது சரிதானா? பார்ப்போம்.

கொல்லிமலை கடல் மட்டத்துக்கு மேலே 1000 முதல் 1300 மீட்டர் உயரத்திலே விரிந்து கிடக்கும் மேட்டு நிலம். 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். அப்படி 14 நாடுகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40,000 மக்கள்; மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இவர்க்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர் வழியினர் நாம் என்று அவர்களே சொல்லும் கதையும் உண்டு. 'ஆதிகாலந்தொட்டு அங்கேயே இருந்தவர்தாமா?' என்று ஆராய்ச்சிக்குக் கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு சொல்: ஒரு மண்ணை அறிந்து அதற்கேற்பப் பயிர் வகுத்தவன் அந்த மண்ணுக்குரியவன். எந்த நூற்றாண்டிலே ஏறினான் என்பது பிறகு ஆகட்டும்.

அவர்கள் வகுத்த முறையைப் பாருங்கள். பள்ளத்திலே ஓடை நீர் தேங்குமிடம் வயல், அங்கே நெல். சரிவிலே கொல்லை, அங்கே சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. வீட்டையொட்டி வாழையும் பலாவும். மழை எப்போது வரும், எத்தனை நாள் ஏமாற்றும் என்று மலைக்காரனுக்கு உறுதி இல்லை. ஆகவே ஒரே விதையை நம்பி அவன் உட்காரவில்லை. சாமை என்று நாம் ஒரு சொல்லிலே முடித்துவிடுகிறோம். அவர்களிடம் பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, சடன்சாமை, திரிகுலசாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை! தினையிலே பெருந்தினை, செந்தினை, பாலந்தினை, மூக்கன்தினை. கேழ்வரகிலே சட்டைக் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு, கருங்குழியன்... மூச்சு வாங்குகிறது. இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒன்று விரைவிலே முற்றும், பசிக்காலத்திலே முதலிலே கைகொடுக்கும். மற்றொன்று நெடுநாள் நிற்கும், தாளும் மிகுதி, மாட்டுக்கு ஆகும். ஒன்று கல்லாங்கொல்லையிலும் வரும். இன்னொன்று மண்கண்டம் கேட்கும். கொல்லையிலே சாமையோடு கடுகையும் அவரையையும் கலந்தும் விதைப்பர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கலத்தை நிரப்பும்.

இதற்கு நம் வேளாண் கல்லூரிகளிலே பெயர் வைத்திருக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், பட்டமும் தருகிறார்கள். கண்டுபிடித்தவளுக்குத்தான் பட்டம் இல்லை. கண்டுபிடித்தவள் என்று பெண்பாலிலே எழுதுவது தெரிந்தே எழுதுவது. கதிர்களுக்கு நடுவே நின்று, இது நல்ல கதிர், இது விதைக்கு, இது உணவுக்கு என்று பிரித்தெடுத்துக் காயவைத்துச் சாம்பல் கலந்து காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே.

சரி, இத்தனை சிறப்பும் இன்று அப்படியே இருக்கிறதா? மாணவர்கள் மலையேறிப் பார்த்தால் என்ன காண்பார்கள்? சரிவெல்லாம் மரவள்ளி! சாமை விளைந்த கொல்லைகளிலே மரவள்ளிக்கிழங்கு. எஞ்சிய இடத்திலே மிளகு, காப்பி, அவற்றுக்கு நிழலாகச் சில்வர் ஓக் மரம். சிறுதானியக் கொல்லை தேடிப் பிடித்துக் காண வேண்டிய பொருளாகிவிட்டது.

'ஐயோ, பண்பாடு அழிந்ததே!' என்று அலறுவதற்கு நம்மிலே ஆட்கள் உண்டு. அலறுவதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டாமா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றது. சேலத்திலே ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. ஆலைகள் பெருகின. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். சாலை மலையேறியது, சாலை வழியே லாரி ஏறியது, லாரியிலே தரகரும் ஏறினார். கிழங்கு நட்டவனுக்குக் கையிலே காசு. சாமை விளைத்தவனுக்கு? வாங்க ஆளில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் காசு வேண்டும், மருத்துவருக்குக் காசு வேண்டும். காசு தரும் பயிரை நட்டான். நட்டது குற்றமா? நாமும் பாயசத்திலே ஜவ்வரிசியைச் சுவைத்தவர்கள்தாமே!

இன்னொரு காரணம் உண்டு. அதை ஆண்கள் எழுதும் கட்டுரைகளிலே அதிகம் காண முடியாது. கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கலாம். சாமையும் தினையும் பனிவரகும் அப்படியல்ல, உமி கெட்டி. உரலிலே இட்டு உலக்கையால் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். பகலெல்லாம் கொல்லையிலே வேலை, மாலையிலே விறகு, இருட்டிலே உலக்கை. நியாயவிலைக் கடையிலே வெள்ளை அரிசி கிடைத்ததும், அந்தப் பெண்கள் உலக்கையைச் சுவரிலே சாத்தினார்கள்.

அதே ஆயாவிடம் இதையும் கேட்டேன். "சாமைச் சோறு உடம்புக்கு நல்லதாயிற்றே, ஏன் விட்டீர்கள்?"

"நல்லதுதான். நீ வந்து குத்தித் தாரியா?"

நான் வாயடைத்துப் போனேன். நகரத்திலே கண்ணாடிக் கடையிலே, அழகிய உறையிலே, சாமையைப் பெருவிலை கொடுத்து வாங்கி, 'மூதாதையர் உணவு' என்று மெச்சிக்கொள்ளும் நாம் எவரும் அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாது.

மறுமொழி சொல்ல முயன்றவர்கள் இல்லாமலில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையிலே பணியாற்றி, விதை வங்கிகளையும் சிற்றூர்களிலே உமி நீக்கும் எந்திரங்களையும் அமைத்தது. மகளிர் குழுக்கள் சிறுதானியத்தைப் பொருளாக்கி விற்கவும் வழி கண்டது. எந்திரம் வந்த ஊரிலே சாமை பேசப்பட்டது. பண்பாட்டைக் காப்பாற்றப் பாட்டு எழுதுவதைவிட ஒரு நல்ல எந்திரம் மேல் என்பது என் கருத்து. கவிஞர் நண்பர்கள் பொறுத்தருள்க!

நியாயவிலை அரிசியைக் குறைகூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். 2008இலே ரூபாய்க்கு ஒரு கிலோ என்றும், 2011 முதல் விலையில்லாமலும் வந்த அந்த அரிசி, மலையிலே எத்தனையோ அடுப்புகளை அணையாமல் காத்தது. பசியை ஒழித்த திட்டத்தைப் பழிப்பவன் பசித்ததில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தஞ்சையின் நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையம் உண்டு. கொல்லிமலையின் சாமைக்கு ஏன் இல்லாமற்போயிற்று? மலைமகன் விளைத்ததை அரசே நல்ல விலைக்கு வாங்கி, மலையின் கடையிலேயே கொடுத்திருந்தால் சரிவுகள் கிழங்குக்குப் போயிருக்குமா? 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டு என ஐக்கிய நாடுகள் மன்றம் அறிவித்தது. அவ்வாண்டிலே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் குடும்ப அட்டைகளுக்கு அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினர். நல்ல தொடக்கம். கேழ்வரகோடு நின்றுவிடாமல் சாமைக்கும் தினைக்கும் அந்த வாயில் திறக்க வேண்டும் என்று கேட்பது நம் போன்றோர் கடமை அல்லவா?

அரசியல் வந்துவிட்டதே என்கிறீர்களா? பண்பாட்டுப் பயணத்திலே அரசியல் வேண்டாம் என்று ஆசிரியர் ஒருவர் அம்மாணவரிடம் சொன்னாராம். நிலமில்லாமல் விதை ஏது? விதையில்லாமல் பண்பாடு ஏது? நிலம் என்றாலே சட்டம். சட்டம் என்றாலே அரசியல்.

காடு வாழ் மக்களின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006இலே நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாக இழைக்கப்பட்ட வரலாற்று அநீதி என்று அச்சட்டமே தன் வாயால் ஒப்புக்கொண்டது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுதுவந்த வன நிலத்திலே, 4 ஹெக்டேர் வரை பழங்குடிக் குடும்பத்துக்கு உரிமை. சிறுவிளைபொருள் சேர்க்க, மேய்க்க, காட்டைக் காக்கச் சமூக உரிமை. உரிமை கோரிக்கையைத் தொடங்கி வைப்பது கிராம சபை. அருமையான ஏற்பாடு! தமிழ்நாட்டிலே நடந்தது என்ன? 2008இலே உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை வந்தது. இறுதி உரிமைச் சான்று வழங்குவது முடங்கியது. 2016இலே அந்தத் தடை விலகும்வரை எட்டு ஆண்டுகள் மனுக்கள் கட்டுக்கட்டாகத் தூங்கின. எட்டு ஆண்டிலே ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும்.

இன்னொன்று. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக் காப்பு அளிக்கிறது. ஆந்திரம், ஒடிசா, ராஜஸ்தான், இமாசலம் முதலிய மாநிலங்களிலே அத்தகைய பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டிலே ஓர் அங்குலமும் அவ்வாறு அறிவிக்கப்பட்டதில்லை. ஆகவே அப்பகுதிக் கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வலிமை கொல்லிமலைக்குக் கிடையாது. மலையிலே விடுதி எழும்புகிறது, நிலம் கைமாறுகிறது, கேட்க நாதியில்லை என்று புலம்புகிறோமே, காரணத்திலே ஒரு பங்கு இங்கே இருக்கிறது.

பட்டியலின் விந்தையையும் கேளுங்கள். 1950இலே வகுத்த பழங்குடிப் பட்டியலிலே மலையாளிகளை மாவட்டப் பெயரோடு கட்டிப்போட்டனர். சேலம், திருச்சி, தருமபுரி, ஆர்க்காடு என்று காலப்போக்கிலே அமைந்த பெயர்வரிசையிலே அன்றைய கோவையின் மலைகள் இல்லை. விளைவு? இன்றைய ஈரோட்டு மலைகளிலே வாழும் அதே மக்கள், அதே பேச்சு, அதே உறவுமுறை. ஆனால் சான்றிதழ் கிடையாதென்று பல்லாண்டுக் காலம் படியேறி இறங்கினர். பெண் கொடுத்த வீட்டிலே பழங்குடி. பெண் எடுத்த வீட்டிலே அல்லவாம்!

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளிலே பழங்குடியினர்க்கு ஒதுக்கியவை 2. ஒன்று ஏற்காடு, மற்றொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியின் கொடியும் எழுபது வளைவையும் ஏறும். நம் கொடியும் ஏறியிருக்கிறது, மறைப்பானேன்? வாக்கு எண்ணிய மறுநாள் எத்தனை கொடி மீண்டும் ஏறியது என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள், தோழர்களே.

ஆகவே மாணவர்களிடம் சொன்னேன்: "டிசம்பரிலே போகாதீர்கள். களையெடுப்பு நாளிலே போங்கள்." வைகாசி, ஆனி மழைக்கு விதைத்தது ஆடியிலும் ஆவணியிலும் களை கேட்கும். ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டிலே அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது, கூட்டம் அலைமோதும். விழாவுக்குப் போனவர்கள் அப்படியே கீழிறங்காமல் கொல்லைக்கு நடக்கட்டும். முதுகை வளைத்து ஒரு பகல் களை பிடுங்கினால் எது பயிர், எது புல் என்று எந்த ஆசிரியரும் இல்லாமல் விளங்கும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீட்டுக்கு அது உதவியுமாகும்.

மாணவர் எழுதிப் பழகியவர்கள். அது அவர்களிடமுள்ள செல்வம். கிழவிகளின் நினைவிலே கிடக்கும் விதைப் பெயர், அது வளரும் மண், முற்றும் நாள், சமைக்கும் முறை எல்லாவற்றையும் எழுதட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: எழுதிய ஏட்டின் முதற்படி அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஊராட்சி தோறும் மக்கள் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும்; அது அந்த ஊருக்கு உடைமை. அதை நிரப்பத் துணை செய்யட்டும். தன் விதையைக் காத்து, விதைத்து, மாற்றிக்கொள்ளும் உரிமையை 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவர்க்கு அளித்திருக்கிறது என்பதையும் ஊர்க்கூட்டத்திலே தமிழிலே படித்துக் காட்டட்டும். பையிலே ஒரு பிடி விதையைப் போட்டுக்கொண்டு வந்து ஆய்வுக்கூடத்திலே நீட்டிப் பெயர் வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். மலையிலிருந்து எடுத்துச் செல்வோரைப் பார்த்துப் பார்த்து அம்மக்கள் களைத்திருக்கிறார்கள். மேட்டூர் அலுமினியத்துக்காகப் பாக்சைட் மண்ணையே லாரி லாரியாக இறக்கிய மலை அது.

பேசி முடித்து எழும்போது ஒன்று கேட்டேன். "உங்கள் கல்லூரி விடுதியிலே கொல்லிமலை மாணவன் எவனேனும் உண்டா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "இருக்கிறான் ஐயா, இரண்டாம் ஆண்டு. அவ்வளவாகப் பேசமாட்டான்" என்றான் ஒருவன்.

"இந்தத் தாளை அவனிடம் காட்டினீர்களா?"

இல்லை. காட்டவில்லை. ஒரே கூரையின்கீழ் உறங்குகிறவனைக் கேளாமல், அவன் அம்மாவின் கொல்லையைக் காண்பதற்குப் பேருந்து பேசியிருக்கிறார்கள்! அவன் ஏன் பேசமாட்டான் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 'மலைக்காரன்' என்று விளையாட்டாக அழைத்திருப்பார்கள். அவனும் விளையாட்டாகச் சிரித்திருப்பான். பிறகு ஊர்ப் பேச்சையே எடுக்காமல் இருந்திருப்பான். விடுதி அறைக்கும் அவன் வாய்க்கும் இடையே உள்ள அந்த வளைவுகளை ஏறுவதற்குப் பேருந்து கிடையாது.

தாளைத் திருத்திக் கொடுத்தேன். டிசம்பரை அடித்து ஆடி என்று எழுதினேன். ஒரு நாள் என்பதைப் பத்து நாள் ஆக்கினேன். அருவியை அடிக்கவில்லை, இளம் பிள்ளைகள், குளிக்கட்டும். 'கலந்துரையாடல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'களையெடுப்பு' என்று போட்டேன். பயணத் தலைவர் என்ற இடத்திலே ஒருவன் தன் பெயரை எழுதியிருந்தான். அதனருகே கேள்விக்குறி ஒன்று இட்டு, இரண்டாம் ஆண்டு மாணவனைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.